எண்ணெய் போடாத இரும்பு

ரிட்டயர் ஆன ஆளுக்கு வரும் போன்கள் இரண்டே வகை. ஒன்று, கல்யாணத்துக்குக் கூப்பிடுவது. இன்னொன்று, சந்தேகம் கேட்பது. போன வாரம் வந்தது இரண்டாவது வகை. நான் வேலை பார்த்த கார் ஏசி கடையில் இப்போது இருக்கும் மெக்கானிக் கூப்பிட்டார்.

"மணி அண்ணே, ஏசி சுவிட்சப் போட்டா 'டிக்'னு சத்தம் நல்லா கேக்குது. அப்போ கிளட்ச் ஓகேதானே? ஆனா கூலிங்கே இல்லண்ணே."

நான் சிரித்துவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்திருக்கும். அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. இதே 'டிக்' என்னை ஒரு காலத்தில் படுத்திய பாட்டை நினைத்துச் சிரித்தேன். "வண்டிக்காரர் வீட்டுல யாராவது இரும்புக்கு எண்ணெய் போடுறவங்க இருக்காங்களா, கேளு" என்றேன். கிழவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பார். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை அது, அதனால் எழுதுகிறேன்.

கார் ஏசியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். குளிரவைக்கும் கேஸை அழுத்தித் தள்ளுவது கம்ப்ரசர். அதன் மூக்கில் ஒரு புல்லி இருக்கும். இன்ஜின் ஓடும் வரை பெல்ட் அதைச் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆனால் கம்ப்ரசர் சும்மா இருக்கும். புல்லிக்கு முன்னால் ஒரு இரும்புத் தட்டு. இரண்டுக்கும் நடுவில் நகத்தின் கனம்கூட இல்லாத ஒரு இடுக்கு. சுவிட்சைப் போட்டால் உள்ளே இருக்கும் 'காயில்' என்ற கம்பிச்சுருள் காந்தமாகி, தட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்டவைக்கும். அப்போது வருவதுதான் அந்த 'டிக்'. தட்டு சுற்றினால் கம்ப்ரசர் சுற்றும், குளிர்ந்த காற்று வரும். இந்தத் தட்டையும் புல்லியையும் காயிலையும் சேர்த்துத்தான் கிளட்ச் என்கிறோம். என் பிழைப்பில் பாதி அந்த இடுக்கில்தான் நடந்தது.

நான் தொழில் படித்ததைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஐடிஐயில் படித்தேன், பாண்டிச்சேரியில் மீன்காரர்களுக்கு ஐஸ் போடும் பேக்டரியில் கொஞ்ச வருஷம் அம்மோனியா வாசனையில் கண்ணைக் கசக்கினேன், பிறகு கோட்டக்குப்பத்தில் காதர் பாய் கடைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டேன். பாய் வளைகுடாவில் கார் ஏசி வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். "அங்க ஏசி இல்லாத காருக்குப் பேரு காரில்ல, அடுப்பு" என்பார்.

பாயிடம் யாரும் திட்டு வாங்கியது கிடையாது. திட்டு வாங்கியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைக்க வைக்கும் ஒரு கேள்வியை வைத்திருந்தார். வண்டியைப் பார்த்துவிட்டு "கேஸ் கம்மியா இருக்குது பாய்" என்று போய்ச் சொல்வோம். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, முகத்தைக்கூடத் தூக்காமல் கேட்பார்: "பார்த்தியா, நெனச்சியா?"

அவ்வளவுதான். பிரஷர் காட்டும் கேஜை மாட்டிப் பார்த்திருந்தால் "பார்த்தேன்" என்று சொல்லலாம். மாட்டாமல் அனுபவத்தில் சொல்லியிருந்தால் வாய் ஒட்டிக்கொள்ளும். பேசாமல் திரும்பிப் போய் கேஜை மாட்டுவோம். கஸ்டமரிடமும் இதே கேள்விதான். "ஏசி வேலையே செய்யலைங்க" என்று ஒருவர் வந்தால், "நீங்க பார்த்தீங்களா, உங்க வூட்டம்மா சொன்னாங்களா?" என்பார். ஆள் சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்லிவிடுவார்.

கிளட்ச் இடுக்கை அளக்கப் பாயிடம் கேஜ் தகடு இருந்தது. ஆனால் அவர் கை போவது சட்டைப்பைக்குத்தான். அதில் ஷேவிங் பிளேடுகளைக் காகிதத்தில் மடித்து வைத்திருப்பார். "நாலு பிளேடு சேர்ந்து நொழையணும், ஆறு நொழையக் கூடாது" என்பது அவர் கணக்கு. தகடு காட்டும் அளவும் பிளேடு காட்டும் அளவும் ஒன்றாகவே வரும். எனக்கு நம்பிக்கை வராமல் பலமுறை இரண்டையும் வைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் அதைக் கவனித்துவிட்டு, "பார்த்துட்டியா? நல்லது" என்பார்.

இனி மரக்காணத்துக்கு வருகிறேன்.

2006, மார்ச் மாதம். சுனாமி வந்து உப்புப் பாத்திகளையெல்லாம் சேறாக்கிவிட்டுப் போன பிறகு, உப்பு ஒழுங்காக விளைய ஆரம்பித்திருந்த சமயம். உப்பளக்காரர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அப்படி ஒரு நாளில் ஏகாம்பரம் என்பவர் பழைய வெள்ளைக் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். மரக்காணத்தில் குத்தகைக்கு உப்பளம் எடுத்து நடத்துபவர். சட்டை முதுகில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. அப்படிப்பட்டவருக்கு எதற்கு ஏசி கார் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஆர்வத்தை அடக்க முடியாத ஆள் நான், கேட்டும்விட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "என் பொண்ணுக்கு வேர்வை வராதுங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். மகள் தேன்மொழிக்குப் பிறவியிலேயே வேர்வைச் சுரப்பி கிடையாது. வெயிலில் கொஞ்ச நேரம் இருந்தால் போதும், உடம்புச் சூடு வெளியே போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும், ஜுரம் மாதிரி கொதித்து மயங்கிவிடுவாள். போன வருஷம் பன்னிரண்டாவது பொதுப் பரீட்சையின்போது பஸ்ஸில் வரும் வழியில் மயங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்து, மீதிப் பரீட்சைகள் போய்விட்டன. இந்த வருஷம் அவற்றைத் தனியாக எழுதுகிறாள். தனியாக எழுதுபவர்களுக்கு சென்டர் திண்டிவனத்தில். அதற்காகவே ஏசி இருக்கிற பழைய கார் ஒன்றைத் தேடி வாங்கியிருக்கிறார். முதல் பரீட்சைக்குப் போகும்போது நன்றாகக் குளிர்ந்த ஏசி, மத்தியானம் திரும்பி வரும்போது பாதி வழியில் விட்டுவிட்டது. மரத்தடியில் நிறுத்தி, மகள் மேல் குடத்துத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கூட்டிவந்தார்களாம். இன்னும் இரண்டு பரீட்சை பாக்கி.

"வேற மெக்கானிக்கு கம்ப்ரசரையே மாத்தணும்னு சொல்லிட்டான். மெட்ராஸ்ல இருந்து வரணுமாம். அது வர்றதுக்குள்ள பரீட்சையே முடிஞ்சிடும்" என்றார்.

வண்டியை ஓடவிட்டேன். 'டிக்' என்று பிடித்தது. காற்று ஜில்லென்று வந்தது. அரை மணி நேரம் ஓடவிட்டும் ஒன்றும் ஆகவில்லை. கடையில் நல்ல நிழல், காலைக் கடற்காற்று வேறு. பாய் வந்து கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இங்க வந்தா எந்த வியாதியும் நல்லாயிடுது. மணி, நீ அவங்க வூட்டுக்கே போ. வியாதி எங்க வருதோ அங்க போய்ப் பாரு" என்றார்.

அப்படித்தான் வெயில் ஏறும் நேரத்தில் நான் மரக்காணம் உப்பளத்து ஓரத்தில் இருந்த அந்த வீட்டுக்குப் போனேன்.

வீட்டை ஒட்டி மோட்டார் ரூம், அதையொட்டி ஒரு சிமென்ட் தொட்டி, அதன் மேல் கீற்றுக் கொட்டகை. தொட்டித் தண்ணீருக்குள் கழுத்துவரை உட்கார்ந்துகொண்டு, குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, அதில் புத்தகத்தை வைத்து ஒரு பெண் படித்துக்கொண்டிருந்தாள். கெட்டி நைட்டி, தலையில் ஈரத் துண்டு. என்னைப் பார்த்ததும் வெட்கப்படாமல், "கிளட்ச் பாக்க வந்தவரா?" என்றாள். கம்ப்ரசர் என்று சொல்லாமல் கிளட்ச் என்று சொன்னது எனக்குப் பிடித்துவிட்டது.

அம்மா பேர் அஞ்சலை. உப்பு வாருகிற கை, கட்டைக் குரல். மகள் தலைத் துண்டு காயக் காய நனைத்துப் போட்டுவிட்டு, நடுநடுவே வந்து என் பக்கத்தில் நின்று, நான் எதைத் தொடுகிறேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

வண்டியை வெயிலில் நிறுத்தி ஓடவிட்டேன். இன்ஜின் நன்றாகச் சூடேறியதும் 'டிக்' நின்றுபோனது. கரண்ட் வருகிறதா என்று மீட்டரில் பார்த்தேன், வந்தது. ஸ்குரூ டிரைவரின் மரப்பிடியால் தட்டை முன்னாலிருந்து லேசாக ஒரு தள்ளு. இதை யாரும் பார்த்துச் செய்யாதீர்கள், கை போய்விடும். தள்ளியதும் 'டிக்' என்று பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான், விஷயம் தெரிந்துவிட்டது. தட்டும் புல்லியும் துருப்பிடித்துத் தேய்ந்து இடுக்கு அகலமாகிவிட்டது. காயில் சூடானால் காந்தத்துக்கு பலம் குறையும், அவ்வளவு தூரத்திலிருந்து இழுக்க முடியாது. அந்தக் கரையில் கதவுக் கீலைத் தின்னும் உப்புக்காற்று, கிளட்சை மட்டும் விட்டுவைக்குமா?

கம்ப்ரசர் நல்ல கம்ப்ரசர். கேஸை வெளியே விட வேண்டிய அவசியமே இல்லை. இன்ஜினை நிறுத்தி, பேட்டரி ஒயரைக் கழற்றி, தட்டைப் பிடித்துக்கொண்டு நடு நட்டைத் திருகினேன். இந்த வண்டியில் கம்ப்ரசர் மேலாகவே இருந்ததால் கை நன்றாக நுழைந்தது. தட்டு கையோடு வந்தது. அதன் பின்னால் மெல்லிய வாஷர்கள் இருக்கும், அதில் ஒன்றை எடுத்துவிட்டால் இடுக்கு குறையும். எடுத்தேன். பிறகு உப்புத்தாளால் தட்டையும் புல்லி முகத்தையும் துரு போகத் தேய்த்தேன். இரும்பு வெள்ளி மாதிரி பளபளத்தது. திரும்ப மாட்டி, பாய் கணக்குப்படியும் தகட்டுக் கணக்குப்படியும் அளந்தேன். வெயிலில் ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். பிடித்த கிளட்ச் விடவில்லை.

அதற்குள் தேன்மொழியின் கேள்விகள். "ஓடற புல்லியில நிக்கிற தட்டு போய் ஒட்டுதே, தேயாதாண்ணே?" "காந்தம்னா அப்புறம் எப்படி வுடுது?" நான் ஸ்பிரிங்கைக் காட்டினேன். எனக்கும் ஒரு கேள்வி வாய்வரை வந்து நின்றது, எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அவளே முந்திக்கொண்டாள். என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தவள், "வேர்க்கும்போது எப்படிண்ணே இருக்கும்? உள்ள இருந்து வர்றது தெரியுமா, வந்தப்புறம்தான் தெரியுமா?" என்றாள்.

நான் யோசித்தேன். வாழ்நாளெல்லாம் வேர்த்திருக்கிறேன், இதைக் கவனித்ததே இல்லை. "வந்தப்புறம்தான் தெரியும். காத்து பட்டா சுகமா இருக்கும்" என்றேன். அவள் அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அஞ்சலை, "அவ அப்பனுக்கு ஊத்துது பாருங்க, அதுல கால்வாசி இவளுக்கு வந்திருக்கலாம்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார், ஆனால் முகம் விளையாட்டாக இல்லை.

நான் கிளம்பினேன். அடுத்த பரீட்சை முடிந்த அன்று சாயங்காலம் கடைக்கு ஏகாம்பரத்தின் போன்.

"மணி சார், மறுபடியும் அதே கதைதாங்க. வழியில பாலம் வேலை நடக்குது, ஒரு பக்கமாதான் வண்டிய வுடுறான். அங்க நின்ன இடத்துல காத்து சூடாயிடுச்சு. ஆனா 'டிக்' சத்தம் வருதுங்க. நல்லாவே வருது."

டிக் வருகிறது, குளிர் இல்லை. காலையில் முதல் பஸ் பிடித்துப் போனேன்.

தேன்மொழி தொட்டியில் இல்லை. உள்ளே ஈரப் பாயில் படுத்திருந்தாள். முகம் இன்னும் சிவந்திருந்தது. ஏகாம்பரம் என்னிடம் வாசலிலேயே சொல்லிவிட்டார். "நேத்து புள்ள கண்ணு சொருகிடுச்சுங்க. டாக்டரு சத்தம் போட்டாரு. இன்னொரு தடவ இப்படி ஏறுனா மூளையத் தாக்கும்ன்றாரு. நாளைக்குக் கடைசிப் பரீட்சை. வண்டி நிக்காம குளிரும்னு நீங்க சொன்னா இட்டுக்கினு போறேன். இல்லன்னா வேணாம். படிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "நான் பஸ்ல போறேன்."

"நீ சும்மா கெட" என்றார் அஞ்சலை.

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க. அடுத்த வருஷமும் சொல்லுவீங்க. நான் தொட்டியிலயே கெழவியாயிடணுமா?"

நான் பானெட்டைத் திறந்தேன்.

கரண்ட் சரியாக இருந்தது. இடுக்கு சரியாக இருந்தது. கேஸ் பிரஷர் சரியாக இருந்தது. இன்ஜினை நிறுத்திக் கம்ப்ரசரைக் கையால் சுற்றினேன், இறுக்கமில்லாமல் சுற்றியது. எல்லாம் சரியாக இருந்தும் காரியம் நடக்கவில்லை என்றால் பயம் வருவதற்கு முன் எனக்கு ஆர்வம் வரும், அது என் குணம். தட்டின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். புல்லியின் மேலும் ஒரு கோடு. கிளட்ச் நன்றாகப் பிடித்தால் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றும், கோடு எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

வண்டியை வெயிலில் விட்டு, சூடேறும் வரை குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன். டிக். முதலில் இரண்டும் மறைந்தன. பிரஷர் ஏறியது. கொஞ்ச நேரத்தில் தட்டின் கோடு மட்டும் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. பிறகு நன்றாகவே தெரிந்தது. புல்லி பறந்துகொண்டிருந்தது, தட்டு சோம்பேறித்தனமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. காந்தம் பிடித்திருக்கிறது, ஆனால் வழுக்குகிறது. சத்தம் பொய் சொல்லவில்லை. 'டிக்' என்றால் தொட்டது என்றுதான் அர்த்தம், பிடித்தது என்று நாங்களாக எடுத்துக்கொண்டோம்.

தட்டைக் கழற்றினேன். முந்தாநாள் நான் வெள்ளியாகத் தேய்த்துவிட்டுப் போன முகத்தில் எண்ணெய் மினுமினுத்தது.

தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும், தட்டுக்குப் பின்னால் எண்ணெய் என்றால் கம்ப்ரசரின் வாயை அடைக்கும் சீல் போய்விட்டது என்று பொருள். உள்ளே இருக்கும் எண்ணெய் கசிகிறது. வீட்டு வாசலில் உட்கார்ந்து சரிசெய்கிற வேலை இல்லை அது. "சீல் போச்சுங்க. கம்ப்ரசர் மாத்தணும்" என்று ஏகாம்பரத்திடம் சொன்னேன். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார். வீட்டுக்குள்ளே புத்தகம் மூடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குச் சுருக்கென்றது.

பாய்க்குப் போன் போட்டேன். "சீல் லீக் பாய். தட்டுல எண்ணெய்."

"எண்ணெய் பார்த்தே. சரி. சீல பார்த்தியா, நெனச்சியா?"

"எண்ணெய் வேற எங்கிருந்து வரும் பாய்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நீதானே அங்க நிக்கிறே. மோந்து பார்த்தியா?"

மோந்து பார்க்கவில்லை. விரலால் துடைத்து மூக்கில் வைத்தேன். கம்ப்ரசர் எண்ணெய்க்கு வாசனை என்று பெரிதாக ஒன்றும் இருக்காது, இதற்கு இருந்தது. கசப்பாக, தெரிந்த வாசனையாக, ஆனால் பெயர் வாயில் வரவில்லை. கடையில் வராத வாசனை. அப்படியே விரலை நீட்டிக்கொண்டு வீட்டு வாசலுக்குப் போய், "ஏம்மா தேன்மொழி, இது என்னா வாசனைன்னு சொல்லு" என்றேன்.

அவள் எழுந்து வந்து முகர்ந்தாள். "நேத்து கார்ல கருகுன மாதிரி வாசனை வந்துச்சுன்னு அப்பாகிட்ட சொன்னேனே, அது இதுதாண்ணே." இன்னொரு தடவை முகர்ந்தாள். "இது வண்டி எண்ணெய் இல்ல. எங்க வூட்டு வாசனை இது."

அப்போதுதான் நான் அந்த வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். அதற்கு முன்பும் கண்ணில் பட்டதுதான், ஆனால் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. மோட்டார் ரூம் கதவுக் கீல் மினுமினுத்தது. பம்புசெட் புல்லி மினுமினுத்தது. கடப்பாரை, மண்வெட்டி, சைக்கிள் செயின், ஜன்னல் கம்பி எல்லாமே. உப்புக்காற்று தின்று துப்பும் அந்தக் கரையில், அந்த வீட்டில் ஒரு இரும்பில்கூடத் துரு இல்லை. மோட்டார் ரூம் ஆணியில் ஒரு பாட்டிலும் எண்ணெய்த் துணியும் தொங்கின. பாட்டிலைத் திறந்து முகர்ந்தேன். புங்கெண்ணெய்.

"காருக்கு எண்ணெய் போட்டது யாருங்க?"

அஞ்சலை துளிகூடத் தயங்கவில்லை. "நான்தாங்க. நீங்க நல்லாத் தேச்சு வெள்ள வெளேர்னு ஆக்கிட்டு, எண்ணெய் காட்டாமயே போயிட்டீங்களே. மறந்துட்டீங்க போலன்னு நெனச்சேன். வெறும் இரும்ப அப்படியே வுட்டா விடியறதுக்குள்ள செவந்துடும். பஞ்சுல நனச்சு, அந்த இடுக்குலகூட நல்லாச் சொட்டு வுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. இரண்டும் ஒன்றாக வரும் என்று அன்றுதான் தெரிந்தது. உப்பளத்தில் பிழைக்கிற எந்தப் பெண்ணும் இதைத்தான் செய்திருப்பாள். உலகத்தில் இருக்கும் அத்தனை இரும்புக்கும் சரியான காரியம், இந்த ஒரு இரும்புக்கு மட்டும் ஆகாது.

அதைச் சொன்னேன். தட்டு பிடிக்க வேண்டும், எண்ணெய் பட்டால் வழுக்கும், இந்த முகம் எப்போதும் காய்ந்தே இருக்க வேண்டும் என்று. அஞ்சலையின் முகம் மாறியது. நேற்று மகள் கண் செருகிக் கிடந்தது தன்னாலா என்று அந்த முகம் கேட்டது. வாய் கேட்கவில்லை. ஏகாம்பரம் ஏதோ சொல்லப்போனார். தேன்மொழி முந்திக்கொண்டு, "அப்போ கம்ப்ரசர் நல்லாதான் இருக்குதா?" என்றாள்.

"இரு, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

சீலைச் சுற்றித் துடைத்து, வெள்ளைக் காகிதத்தை வைத்து அழுத்தி எடுத்தேன். காகிதம் காய்ந்தே வந்தது. "நல்லா இருக்குது" என்று அதற்குப் பிறகுதான் சொன்னேன். தட்டையும் புல்லி முகத்தையும் பெட்ரோலால் கழுவினேன், திரும்பவும் தேய்த்தேன், திரும்பவும் கழுவினேன். விரலில் வாசனை போகும்வரை விடவில்லை. மாட்டி, சாக்பீஸ் கோடு போட்டு, உச்சி வெயிலில் நின்ற இடத்திலேயே ஓடவிட்டேன். கோடு தெரியவில்லை. எவ்வளவு நேரம் குனிந்து பார்த்தும் தெரியவில்லை. தேன்மொழியும் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். "ஒண்ணும் தெரியலியே" என்றாள். "அதான் வேணும்" என்றேன்.

மறுநாள் நானும் அவர்களோடு திண்டிவனம் போனேன். பாய்தான் போகச் சொன்னார். போகும்போது பிரச்சினை இல்லை. மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் ஏகாம்பரமும் நானும் காரை முன்கூட்டியே குளிரவைத்துவிட்டுக் காத்திருந்தோம். கூட்டத்தோடு அவள் வந்தாள், முகம் சிவந்து, துண்டு காய்ந்து. ஏறிக் கதவைச் சாத்தினாள். பரீட்சை எப்படி என்று நாங்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மூன்று பேரும் கிளட்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பாலத்துக்கிட்ட வண்டி நின்றது. முன்னால் லாரி, பின்னால் பஸ், தார் ரோடு தகதகக்கிறது. ஓடாமல் நிற்கிற காருக்குக் காற்று கிடைக்காது, ஏசிக்கு அதைவிடப் பெரிய சோதனை இல்லை. பிரஷர் ஏறும், கிளட்ச் தாங்க வேண்டும். ஏகாம்பரத்தின் சட்டை சீட்டோடு ஒட்டியது. அந்தக் குளிரிலும் அவருக்கு வேர்த்தது. நான் ஏசிக் காற்று வரும் துவாரத்தில் கையை வைத்தபடியே இருந்தேன். ஜில். கொஞ்ச நேரம் கழித்தும் ஜில். பின்னால் திரும்பிப் பார்த்தேன். தேன்மொழி கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள். முதலில் பயந்துவிட்டேன். ஏகாம்பரம் கையைப் பின்னால் நீட்டிக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். "தூங்குதுங்க" என்றார், நம்ப முடியாதவர் மாதிரி. லாரி நகர்ந்தது.

வீட்டில் அஞ்சலை குடத்தோடு வாசலிலேயே நின்றிருந்தார். மகள் இறங்கியதும் குடத்தை அங்கேயே வைத்துவிட்டுக் கழுத்தில் கையை வைத்தார். பிறகு புறங்கையை வைத்தார். பிறகு கன்னத்தை வைத்தார். "என்னம்மா, நல்லாதான் இருக்கேன்" என்று அவள் சிணுங்கும் வரை விடவில்லை. தண்ணீர் அன்று தேவைப்படவில்லை.

நான் பானெட்டைத் திறந்து கடைசியாக ஒருமுறை பார்த்தேன். அஞ்சலையும் வந்து நின்றார். புல்லி முகத்தில் தட்டு படாத விளிம்பில் அதற்குள்ளேயே லேசாகப் பழுப்பு ஏறியிருந்தது. அவர் இடுப்பில் செருகியிருந்த எண்ணெய்த் துணியைத் தன்னையறியாமல் உருவினார். கை இடுக்கை நோக்கி நீண்டது. பாதியில் நின்றது. துணியைத் திரும்பச் செருகிக்கொண்டார்.

"எத்தினி நாளைக்கு இப்படி வெறுமன வுடறது?"

"கார் ஓடற வரைக்கும். தெனம் கொஞ்ச நேரம் ஏசி போட்டு ஓடவுடுங்க. அதுவே ஒண்ணோட ஒண்ணு ஒரசி துருவத் தேச்சிக்கும்."

"பாத்துக்கினு சும்மா இருக்கிறதுதாங்க கஷ்டமா இருக்குது" என்றார்.

ரிசல்ட் வந்த அன்று கடைக்குப் போன் வந்தது. ஏகாம்பரம் மார்க்கைச் சொல்ல ஆரம்பித்தார், நடுவில் எண்களைக் குழப்பிக்கொண்டார். பாஸ் என்பது மட்டும் புரிந்தது. பக்கத்தில் யாரோ போனைப் பிடுங்கும் சத்தம். அஞ்சலை.

"மெக்கானிக்கு, அந்த இரும்புல இன்னிவரைக்கும் நான் கை வெக்கலைங்க" என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "சாயங்காலமான்னா சாவியத் திருகி அந்த 'டிக்' சத்தத்தக் கேட்டுட்டுதான் வெளக்கு ஏத்தறேன். எண்ணெய வெளக்குல ஊத்திட்டேன்."